சிறுக்கச் சிறுக்க ஏன் வலுக்கிறது?

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடிக் கம்பியில் எடையைக் கூட்டிக்கொண்டே போனால், அதன் குறுக்குவெட்டில் சதுர மில்லிமீட்டருக்கு 17 கிலோ என்ற அளவில் அது அறுந்துவிடும். அதே கண்ணாடியை உருக்கி, மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு கனத்துக்கு இழையாக இழுத்துச் சோதித்தால் சதுர மில்லிமீட்டருக்கு 340 கிலோ தாங்குகிறது. புதிதாக எதையும் கலக்கவில்லை. மெலிந்தது ஒன்றுதான் வித்தியாசம். வலு இருபது மடங்கு கூடிவிட்டது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் 1920இல் வாசித்த, அடுத்த ஆண்டு அச்சில் வந்த கட்டுரையில் இந்த எண்கள் இருக்கின்றன.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த இழை உண்மையில் தாங்கிய எடை சுமார் 3 கிராம்தான். 340 கிலோ என்பது, அதே தரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் முழுக்கப் பொருள் இருந்தால் எவ்வளவு தாங்கும் என்று பெருக்கிச் சொன்னது. பொறியாளர்கள் இதை மெகாபாஸ்கலில் குறிப்பார்கள். ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம். வீடு கட்ட வாங்கும் டி.எம்.டி. முறுக்குக் கம்பியில் 500 என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான்: சதுர மில்லிமீட்டருக்கு 50 கிலோ வரை அந்தக் கம்பி நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும். இந்தக் கட்டுரையில் கூடியவரை கிலோவிலேயே சொல்கிறேன். கிலோவாகச் சொன்னால் மிகை எங்கே இருக்கிறது என்று சட்டென்று தெரியும்.

திடப்பொருள் எப்போது வளையும், எப்போது உடையும் என்று கணக்குப் போடும் துறைக்கு சாலிட் மெக்கானிக்ஸ் என்று பெயர். பாலமும் கப்பலும் விமானமும் அதன் பழைய சொத்து. அந்தக் கணக்குகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வலு எண் உண்டு. கையேட்டைப் புரட்டி எடுத்துக்கொள்ளலாம். உத்தரம் பெரிதா சிறிதா என்று அந்த எண் கேட்பதில்லை. ஆனால் கணினிச் சில்லுக்குள் ஓடும் செப்புத் தடங்களின் அகலம் சில பத்து நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நானோமீட்டர். அங்கே கையேட்டு எண் செல்லாது. பொருள் அளவைப் பொறுத்து வலுவை மாற்றிக்கொள்கிறது. ஏன், எவ்வளவு, எதுவரை என்ற கேள்விகளில்தான் இந்தத் துறையின் ஒரு பெரும்பகுதி கடந்த முப்பது ஆண்டுகளாக மூழ்கியிருக்கிறது.

கிரிஃபித்தின் விடை கண்ணாடிக்குப் போதுமானது. எந்தக் கண்ணாடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கின்றன. கூரான துளை அல்லது வெட்டின் முனையில் இழுவிசை பல மடங்கு குவியும் என்று சார்லஸ் இங்கிலிஸ் 1913இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் மிகக் கூரான விரிசல் உள்ள பொருள் தொட்டவுடனே உடைய வேண்டும். உடைவதில்லை. கிரிஃபித் விசையை விட்டுவிட்டு ஆற்றலை எடுத்துக்கொண்டார். விரிசல் நீண்டால் இரண்டு புதிய பரப்புகள் உண்டாகின்றன. அதற்கு ஆற்றல் செலவாகிறது. விரிசலைச் சுற்றி இழுபட்டிருந்த பகுதி தளர்கிறது. அதனால் ஆற்றல் வரவாகிறது. வரவு செலவை மிஞ்சும் கணத்தில் விரிசல் ஓடத் தொடங்கும். விரிசல் நான்கு மடங்கு நீளமானால் பொருள் சதுர மில்லிமீட்டருக்குத் தாங்கும் எடை பாதியாகும். கண்ணாடிக் கடையில் சிறு சக்கரத்தால் ஒரு கோடு கீறி, ஓரத்தைப் பிடித்து லேசாக அழுத்த, கீறிய வழியே சுத்தமாகப் பிளக்கிறதே, அதில் நடப்பதும் இந்த வரவுசெலவுதான்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று மைக்ரான் கனமுள்ள இழைக்குள் மூன்று மைக்ரானைவிடப் பெரிய விரிசல் இருக்க முடியாது. மெல்லிய இழையின் வலுவுக்குக் காரணம் அவ்வளவே. புதிதாக இழுத்த இழை சில மணி நேரத்தில் வலுவிழந்ததையும் கிரிஃபித் கவனித்தார். காற்றும் விரலும் படப்படப் பரப்பில் கீறல் விழுகிறது.

அந்த ஆராய்ச்சி எப்படி நின்றது என்பதற்கு ஒரு கதை உண்டு. ஜே.இ. கார்டன் தன் நூலொன்றில் எழுதியிருக்கிறார். ஒருநாள் மாலை கண்ணாடி உருக்கும் எரிவாயு விளக்கை அணைக்க உதவியாளர் மறந்துவிட்டாராம். தீப்பிடித்து, விசாரணை நடந்து, வீண் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததாம். கிரிஃபித் இன்ஜின் பக்கம் போனார்; பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸில் ஜெட் இன்ஜின் வடிவமைப்பில் பெயர் எடுத்தார். அவருடைய விரிசல் கணக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாருக்கும் பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில், சோதனை ஓட்டம் முடிந்து கரையோரம் கட்டி நிறுத்தியிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. பற்றவைத்துக் கட்டிய போர்க்காலக் கப்பல்கள் பலவற்றிலும் இப்படி விரிசல் ஓடியது. அதன்பிறகு ஜார்ஜ் இர்வின் 1950களில் கிரிஃபித்தின் கணக்கை உலோகங்களுக்கும் ஏற்றபடி திருத்தினார். இன்று விமான இறக்கையை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்த வழியில்தான்.

உலோகத்தின் கதை வேறு. அது கண்ணாடிபோல் சட்டென்று நொறுங்குவதில்லை. முதலில் வழுக்கிக் கொடுக்கிறது. செம்புப் படிகத்தில் ஓர் அணுத்தளம் இன்னொன்றின்மேல் மொத்தமாக வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று யாகோவ் ஃபிரென்கெல் காட்டிய வழியில் 1926இலிருந்து கணக்கிட முடிந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 700 கிலோவுக்கும் மேல் வருகிறது. மெய்யான, சுத்தமான, இளகிய செம்புப் படிகம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேயே வழுக்கிவிடுகிறது. இப்படிப்பட்ட வித்தியாசத்தை அளவைப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் பொலானி மூவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். தளம் முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அணு வரிசையில் ஒரு பிசகு இருக்கிறது. ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. அந்தப் பிசகு மட்டும் நகர்ந்து போனால் போதும், தளம் ஒரு அணு தூரம் நகர்ந்ததாக ஆகிவிடும். தரையில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு மடிப்பைத் தூக்கிவிட்டு அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் மொத்தமும் நகர்ந்திருக்கும். இந்த மடிப்புக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். தமிழில் வரிசைப் பிசகு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஓரோவானும் பொலானியும் ஒரே எண்ணத்தில் இருப்பது இருவருக்கும் முன்பே தெரிந்துவிட்டது. யார் முந்துவது என்று ஓடவில்லை. ஒரே ஜெர்மன் இதழில், ஒரே தொகுதியில், அடுத்தடுத்த பக்கங்களில் இருவர் கட்டுரையும் வந்தன. முன்னுரிமைச் சண்டையில் நட்பு முறிந்த கதைகள் விஞ்ஞானத்தில் ஏராளம் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது. அதன்பிறகும் 22 ஆண்டுகள் ஒரு பிசகையும் உலோகத்துக்குள் நகரும்போது யாரும் கண்ணால் பார்க்கவில்லை. 1956இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷின் குழு மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் அவை கோடுகளாக ஊர்வது தெரிந்தது. கணக்கை நம்பி அத்தனை காலம் ஒரு துறையே நடந்திருக்கிறது.

பிசகு இருந்தால் உலோகம் இளகும் என்றால், பிசகு கூடக்கூட இன்னும் இளக வேண்டும் அல்லவா? இல்லை. பொற்கொல்லரின் பட்டறையில் இதற்கு விடை இருக்கிறது. துளைத்தகட்டில் கம்பி இழுக்க இழுக்க அது விறைத்துப்போகும். நடுவே தீயில் காட்டி ஆற்றினால்தான் மீண்டும் இளகும். இளகிய உலோகத்தின் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிசகுக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் பத்து கிலோமீட்டர் வரும். இழுத்தும் அடித்தும் விறைத்த உலோகத்தில் அது பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். அத்தனையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. எதுவும் நகர முடியாமல் உலோகம் வலுக்கிறது. ஆக, உலோகத்தை வலுவாக்க இரண்டு வழி. பிசகுகளை எண்ணற்றதாக்கிச் சிக்கவைப்பது ஒன்று. இரும்பாலையும் கொல்லன் பட்டறையும் பல நூற்றாண்டுகளாகச் செய்வது அதுதான். பிசகே இல்லாத படிகத்தை உண்டாக்குவது இன்னொன்று. அது பெரிய கட்டியில் நடக்காத காரியம்.

சிறிய துண்டில் நடக்கும். பெல் ஆய்வகத்தில் 1952இல் ஹெர்ரிங்கும் கால்ட்டும் வெள்ளீயத்தின் பரப்பிலிருந்து தானாக முளைக்கும் நுண்மயிர்களை எடுத்து வளைத்துப் பார்த்தார்கள். ஓரிரு மைக்ரான் கனமே உள்ள அந்த மயிர்கள் ஃபிரென்கெலின் கணக்கை நெருங்கும் அளவு வளைந்து, விட்டவுடன் பழையபடி நிமிர்ந்தன. நான்கு ஆண்டு கழித்து பிரென்னர் என்பவர் இரும்பு மயிரில் சதுர மில்லிமீட்டருக்கு 1,300 கிலோ வரை கண்டார். முறுக்குக் கம்பியைவிட 26 மடங்கு. இந்த மயிர்கள் முதலில் கவனத்துக்கு வந்தது தொல்லையாகத்தான். மின்கருவிகளில் முளைத்து, பக்கத்துத் தடத்தைத் தொட்டு, குறுக்குச் சுற்று உண்டாக்கின. 1998 மே மாதம் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் மௌனமானதற்கும் வெள்ளீய மயிர்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். பற்றாசில் ஈயம் கலந்தால் மயிர் முளைப்பது அடங்கும். ஐரோப்பா 2006இல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டதும் பழைய தலைவலி திரும்பியது.

மயிர் கிடைத்த இடத்தில் கிடைத்தது. வேண்டிய அளவில், வேண்டிய உலோகத்தில் செதுக்க வழியில்லை. அந்த வழி 2004இல் வந்தது. அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த மைக்கேல் உச்சிக், டென்னிஸ் டிமிடக் ஆகியோரும் ஸ்டான்ஃபோர்டின் வில்லியம் நிக்ஸ் முதலானோரும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலியம் அயனிக் கற்றையால் நிக்கல், நிக்கல் கலவைப் படிகங்களின் பரப்பைச் சுற்றிச் சுரண்டி, நடுவில் ஒரு தூணை மட்டும் நிற்கவிட்டார்கள். விட்டம் 40 மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரை. அதன் தலையில் தட்டையான வைர முனையை வைத்து அமுக்கினார்கள். தூண் மெலிய மெலிய வலு கூடியது. ஜூலியா கிரீரும் நிக்ஸும் அதையே தங்கத்தில் செய்தார்கள். கட்டித் தங்கம் மூன்று கிலோ அளவில் இளகிக் கொடுத்துவிடும். சில நூறு நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் தூண் 80 கிலோ வரை நின்றது.

இதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் பிசகுப் பஞ்சம். சின்னத் தூணில் பிசகு ஒன்று நகர்ந்தால் இன்னொன்றில் சிக்கிப் பெருகும் முன்பே விளிம்பை அடைந்து வெளியேறிவிடுகிறது. உள்ளே இருந்த சிலவும் போய்விட்டால் தூண் வெறுமையாகிறது. புதிய பிசகை உண்டாக்கினால்தான் மேற்கொண்டு வழுக்கும், அதற்கு அதிக விசை வேண்டும். 2008இல் பெர்க்லியில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே வைத்து நிக்கல் தூணை அமுக்கியபோது, முதலில் பிசகுகள் மண்டிக்கிடந்த தூண் அமுக்கத்தில் துடைத்தாற்போல் சுத்தமாவது படமாகவே கிடைத்தது. எல்லாத் தூணிலும் இப்படி நடப்பதில்லை. சற்றுப் பெரிய தூண்களில் உள்ளே பிசகு இருக்கிறது, ஆனால் அதைப் பெருக்கும் ஊற்றுகள் தூணின் அகலத்துக்குள் குறுகிவிடுவதால் வலுக்கிறது என்ற விளக்கமே பொருந்துகிறது.

துறையின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கட்டுரைகளைவிட அவற்றைத் தொடர்ந்து வந்த சச்சரவைத்தான் நான் காட்டுவேன். காலியம் அயனி வெட்டும்போது பரப்புக்குள் புகுந்துகொள்ளும். அந்தப் புண்பட்ட தோல்தான் தூணை வலுவாக்குகிறதோ? தூண் அடியில் சற்றுத் தடித்து மேலே மெலிந்திருக்கிறதே, எந்த விட்டத்தை வைத்துப் பரப்பைக் கணக்கிட்டீர்கள்? அமுக்கும் முனை ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்? இவை குதர்க்கக் கேள்விகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு ஆய்வு மாணவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விடை தேடினார்.

மிக அழகான விடை ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்திலிருந்து 2007இல் வந்தது. நிக்கல், அலுமினியம், மாலிப்டினம் மூன்றையும் உருக்கிக் குறிப்பிட்ட வேகத்தில் உறையவைத்தால் மாலிப்டினம் தனி இழைகளாகப் பிரிந்து நிற்கும். சுற்றியுள்ளதை அமிலத்தால் கரைத்துவிட்டால் அயனிக் கற்றையே படாத தூண்கள் மிஞ்சும். அவற்றை அமுக்கினால், சின்னதும் பெரியதும் ஒன்றுபோலச் சதுர மில்லிமீட்டருக்கு 900 கிலோவை ஒட்டித் தாங்கின. அளவு எந்த வித்தியாசமும் செய்யவில்லை! அதே தூண்களை முன்கூட்டியே கொஞ்சம் நசுக்கிப் பிசகை உண்டாக்கிவிட்டுச் சோதித்தால் வலு சரிந்தது. சிறுத்தால் வலுக்கும் என்பது பாதி உண்மைதான். பிசகு கொஞ்சமாக இருக்கும் இடத்தில்தான் அளவு பேசுகிறது. பிசகே இல்லாதபோது அளவுக்கு வேலையில்லை. பிசகு ஏராளமாக இருந்து, அது சிக்கிக்கொள்ளும் தூரம் தூணின் அகலத்தைவிடச் சிறியதாகிவிட்டாலும் அளவு மறைந்துவிடும்.

இந்த ஆராய்ச்சி அன்றாடம் எப்படி நடக்கிறது? அயனிக் கற்றைக் கருவியின் விலை கோடிகளில். ஒரு கல்லூரியோ ஒரு பேராசிரியரோ தனியாக வாங்குவது அரிது. பொதுக் கூடத்தில் இருக்கும். முன்பதிவு செய்து, கிடைத்த நேரத்தில் போய் வெட்ட வேண்டும். ஒரு நல்ல தூணுக்குச் சில மணி நேரம் போகும். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் உள்ள நானோ ஆய்வுக்கூடங்களை வெளிக்கல்லூரி மாணவர்களும் பயன்படுத்த அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. சிறு ஊரில் படிக்கும் மாணவருக்கு அதுவே வாசல். வெட்டிய பிறகு அமுக்கும் வேலை. நானோமீட்டர் கணக்கில் முனை நகர்வதை அளக்கும்போது அறையின் வெப்பநிலை சற்று மாறினாலும், பக்கத்தில் லிஃப்ட் ஓடினாலும் அளவு நடுங்கும். அதனால்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் தரைத்தளத்தில் அல்லது அதற்குக் கீழே, அதிர்வு தாங்கும் மேசைமேல் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் ஓய்ந்த இரவில் அளக்க விரும்புபவர்கள் அதிகம். தேசியத் தேர்வில் தேறி முழுநேர ஆய்வில் சேர்ந்தவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கட்டடத்துறையிலோ மென்பொருளிலோ சேர்ந்த வகுப்புத்தோழர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க ஒரு மனஉறுதி வேண்டும்.

அமுக்கிக் கிடைத்த எண்களைத் தாளில் குறித்தால் ஒரே விட்டமுள்ள இரண்டு தூண்கள் இரண்டு விதமான வலுவைக் காட்டும். பெரிய கம்பியில் கோடிக்கணக்கான பிசகுகளின் சராசரி கிடைக்கிறது. குட்டித் தூணில் ஒரே ஒரு பிசகு எங்கே நிற்கிறது என்பதே விடையை மாற்றிவிடும். புதிதாக வந்த மாணவருக்கு அந்தச் சிதறலைத் தன் கைப்பிழை என்று நினைத்துப் பயந்து, நேர்கோட்டில் விழாத புள்ளிகளை ஒதுக்கத் தோன்றும் இடம் இது. என்னைக் கேட்டால், இந்தத் துறைக் கட்டுரைகளில் முதலில் பார்க்க வேண்டியது சிதறலை மறைக்காமல் போட்டிருக்கிறார்களா என்பதை. மதிப்பீட்டாளர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். இதழுக்கு அனுப்பிய கட்டுரை இரண்டு மூன்று பேரிடம் போகும். யார் என்று சொல்லமாட்டார்கள். மாதங்கள் கழித்துக் கேள்விகள் வரும். ராட்னி ஹில் 1952இல் தொடங்கிய திடப்பொருள் இதழ் இன்றும் இந்தத் துறைக்காரர்கள் பெருமையாகக் கருதும் இடம்.

சோதனை செய்யாமல் கணினியிலேயே அணுக்களை அடுக்கி இழுத்துப் பார்ப்பவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்குக் கருவிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருக்கிறது. ஒரு மைக்ரான் பக்கமுள்ள செப்புக் கனசதுரத்தில் ஏறத்தாழ 8,500 கோடி அணுக்கள். அணுக்கள் அதிரும் வேகத்தைப் பின்தொடர, நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அடியெடுத்து வைக்க வேண்டும். பத்து லட்சம் அடி வைத்தாலும் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் கடந்திருக்கும். அதற்குள் பத்து சதவீதம் இழுத்துவிட வேண்டுமென்றால், ஆய்வுக்கூடத்தில் நூறு நொடியில் நிதானமாக இழுப்பதைவிடப் பத்தாயிரம் கோடி மடங்கு வேகமாக இழுத்ததாகும். அவ்வளவு வேகத்தில் எந்தப் பொருளும் தன்னைவிட வலுவானதாகவே தோன்றும். ஆகவே கணினியில் கிடைத்த வலு எண்ணையும் சோதனையில் கிடைத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறது என்று எழுதும்போது எழுதுபவரும் படிப்பவரும் ஒரு கணம் நிற்க வேண்டும். நிற்காத கட்டுரைகளும் வருகின்றன.

செய்தித்தாள் வரை வந்த நானோ வலு கிராஃபீனுடையதுதான். 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஒன்றரை மைக்ரான் அகலமுள்ள துளையின்மேல் ஒரே அணு கனமுள்ள கரித்தாளை விரித்து, வைர ஊசியால் நடுவில் குத்திக் கிழித்தார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 13 டன். எஃகைவிட இருநூறு மடங்கு என்று தலைப்பு வந்தது அங்கிருந்துதான். பென்சில் முனையில் நிற்கும் யானையைத் தாங்கும் தாள் என்ற வர்ணனையும் உடன் பரவியது. அளவை நேர்த்தியானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊசி தொட்ட இடம் சில பத்து நானோமீட்டர் அகலம். அந்த இடத்தில் குறையே இல்லை என்பதால் வந்த எண் அது. 2014இல் ரைஸ், ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கிராஃபீனில் வேண்டுமென்றே ஒரு விரிசலை வெட்டிவிட்டு இழுத்தார்கள். சர்வ சாதாரணமாகக் கிழிந்தது, அதுவும் கிரிஃபித்தின் வரவுசெலவுக் கணக்குப்படியே. விரிசல் ஓடுவதைத் தடுக்கும் திறனில் அது கண்ணாடியைவிடச் சில மடங்கு மேல், எஃகின் பக்கத்தில்கூட வராது. யானை நிற்க வேண்டிய தாள் சதுர மீட்டர் கணக்கில் இருக்கும். அதில் ஒரு கீறலும் இல்லாமல் யார் தயாரிப்பது?

இதனால் நானோ வலு வெறும் காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. உடையாமல் அதிகம் இழுக்க முடிந்தால், இழுபட்ட நிலையில் பொருளின் மற்ற குணங்களும் மாறும். சிலிக்கானில் இது ஏற்கெனவே வியாபாரம். இன்டெல் 2003இல் கொண்டுவந்த 90 நானோமீட்டர் சில்லுகளில், ஒரு வகை டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஓடும் பாதையின் இருபுறமும் ஜெர்மேனியம் கலந்த சிலிக்கானை வளர்த்து அந்தப் பாதையை அமுக்கினார்கள். மற்ற வகை டிரான்சிஸ்டரில் மேலே ஒரு படலம் போட்டு இழுத்தார்கள். அணு இடைவெளி நூறில் ஒரு பங்கு அளவில் மாறியதற்கே மின்சாரம் வேகமாக ஓடியது. அதன்பிறகு வந்த வேகமான சில்லுகள் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு வகையில் இப்படி இழுபட்டவை அல்லது அமுக்கப்பட்டவை.

இந்த யோசனையை வைரத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் சுப்ரா சுரேஷ். சென்னை ஐஐடியில் 1977இல் பி.டெக். முடித்து, எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்று, உலோகக் களைப்பு பற்றிய பாடநூலால் முதலில் அறியப்பட்டவர்; அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு இயக்குநராக இருந்தார். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு எத்தனை மடங்கு விறைக்கிறது என்று அளந்த குழுவும் அவருடையதுதான். பத்து மடங்கு வரை போகிறது. அப்படி விறைத்த அணு நுண்குழாய்க்குள் நுழைய முடியாமல் அடைத்துக்கொள்கிறது. திடப்பொருள் கணக்கு கற்றவர்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறார்கள் என்பதற்கு இதையும் சொல்லலாம். 2018இல் அவரும் ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, முந்நூறு நானோமீட்டர் கனமுள்ள வைர ஊசிகளை வைர முனையாலேயே பக்கவாட்டில் தள்ளி வளைத்தார்கள். சாதாரண வைரம் ஒரு சதவீதம் நீளும் முன்பே நொறுங்கிவிடும். இந்த ஊசிகள் வளைவின் வெளிப்பக்கத்தில் 9 சதவீதம் வரை நீண்டு, விட்டதும் நிமிர்ந்தன.

2021இல் அடுத்த படி. ஊசியை வளைத்தால் ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் சுருங்கும். மின்கருவிக்கு அது உதவாது. ஆகவே ஒரு மைக்ரான் நீளமும் முந்நூறு நானோமீட்டர் அகலமும் உள்ள வைரப் பட்டைகளைச் செதுக்கி நேராக இழுத்தார்கள். பட்டை முழுவதும் ஒரே சீராக 7.5 சதவீதம் வரை நீண்டது. அந்த அளவு இழுபட்ட வைரத்தில் எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி குறையும் என்று கணக்குகள் சொல்கின்றன. மின்கடத்தாப் பொருளாகக் கிடந்த வைரம் டிரான்சிஸ்டருக்கு நெருங்கி வருகிறது. சிலிக்கானைப் போல் பக்கத்தில் வேறு பொருளை வளர்த்து வைரத்தை இழுப்பது எளிதல்ல. அதைவிட விறைப்பான பொருள் கிடைப்பது அரிது. இழுக்கும் கருவியை எடுத்துவிட்டால் பட்டை பழைய நீளத்துக்கே திரும்பிவிடுகிறது. சில்லுக்குள் அதை இழுத்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் வழிதான் இனிக் கண்டுபிடிக்கப்பட வேண்டும்.